இரவல் சைக்கிளில் ஓர் ஒலிம்பிக்: பாரிஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

சாலைப் பந்தயத்துக்கு டிக்கெட் வேண்டாம். பாரிஸில் இந்த வாரம் இலவசமாகக் கிடைக்கும் சிலவற்றில் இதுவும் ஒன்று. பெண்களின் பந்தயம் மதியம் இரண்டு மணிக்கு த்ரோகாதெரோவில் தொடங்கியது. 158 கிலோமீட்டர். நகரை விட்டு வெளியேறி ஷெவ்ரோஸ் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு, மறுபடி நகருக்குள் வந்து மோன்மார்த்தர் குன்றை மூன்று முறை ஏறி, ஈபிள் கோபுரத்துக்கு எதிரே முடிக்க வேண்டும். நான் முற்பகலிலேயே போய் ரூ லெப்பிக் தெருவின் வளைவில் இடம் பிடித்துவிட்டேன். கல் பாவிய ஒடுக்கமான ஏற்றம். என் இருபுறமும் பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம் கொடிகள். முகத்துக்கு எதிரே ஒருவர் பாலாடைக்கட்டியை வெட்டி வெட்டித் தின்றுகொண்டே இருந்தார்.

நான் பார்க்க வந்தது பதக்கக்காரர்களை அல்ல. நைஜீரியாவின் ஏசே லவினா உக்பெசெராயே என்ற ஒரே ஒருவரை. ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்துக்கு வந்த முதல் நைஜீரியப் பெண் என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த 'முதல்' பட்டத்தைவிட வேறொன்று உறுத்தியது. 2022 காமன்வெல்த் விளையாட்டில் அவர் நைஜீரியாவுக்காக வெலோட்ரோமில், அதாவது சாய்ந்த வளைவுகள் கொண்ட சைக்கிள் பந்தய அரங்கில், வேகப் பந்தயம் ஓட்டியவர். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் பந்தயங்கள் அவை. அப்படிப்பட்டவரை நான்கு மணி நேரச் சாலைப் பந்தயத்தில் இறக்கியிருக்கிறார்கள். நூறு மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தானில் நிறுத்தினால் எப்படியோ, அப்படி. காரணம் எளியது: ஒலிம்பிக்குக்குள் நுழைய அவருக்கு முதலில் திறந்த கதவு சாலைப் பந்தயம்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக 90 இடங்கள் ஒதுக்கியது இந்த முறைதான். அவற்றில் ஒன்று அவருடையது.

முதல் கூட்டம் வளைவில் பாய்ந்து வந்தபோது பச்சைச் சட்டையைத் தேடினேன். கண்ணில் படவில்லை. பின்னால் சிதறி வந்தவர்களிடையிலும் காணவில்லை. தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி முடிவுப் பட்டியலைப் பார்த்தேன்: பந்தயத்தை முடிக்காதவர்கள் வரிசையில் அவர் பெயர். வேதனைப்பட ஒன்றுமில்லை. அந்த வரிசையில் பெரிய நாட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

தங்கம் அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னருக்கு. கடைசி மூன்று கிலோமீட்டரில், முன்னால் போனவர்களை எட்டிப் பிடித்த அதே மூச்சில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். நெதர்லாந்தின் மரியான் வாஸ் வெள்ளி, பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கி வெண்கலம். ஒலிம்பிக்கில் அணியோடு பேசக் காதில் ரேடியோ கிடையாது, ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர்தான். அதனால் துணிச்சலுக்கு இங்கே கூடுதல் விலை உண்டு. ஃபாக்னர் முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இருபதுகளின் நடுவில் சைக்கிளுக்கு வந்தவர். நல்ல கதைதான். ஆனால் இருபத்தைந்து வயதில் 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்று ஒரு விளையாட்டைத் தொடங்கி ஒலிம்பிக் தங்கம் வரை போக, திறமைக்கு வெளியே எத்தனை ஏற்பாடுகள் வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

மோன்பர்னாஸிலிருந்து ரயிலேறி சாங் காந்தான் ஆன் ஈவ்லின். பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும் என்று சொல்ல ஆசை, ஆனால் நடைமேடைக் கூட்டத்தில் ஏறவே நேரமாயிற்று. 2014-இல் திறந்த தேசிய வெலோட்ரோம் இது. 250 மீட்டர் மரத்தளம், வளைவுகளில் ஏறக்குறைய 43 பாகை சாய்வு. தொலைக்காட்சி இந்தச் சாய்வைத் தட்டையாக்கிக் காட்டிவிடுகிறது. நேரில் பார்த்தால் அது சுவர். கூரைக்குக் கீழே வேண்டுமென்றே வெப்பத்தைக் கூட்டி வைக்கிறார்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கிழித்துப் போவது எளிது. பார்வையாளர்கள் வேர்த்துக் கொட்டுவது அவர்கள் கணக்கில் இல்லை.

இன்று பெண்கள் டீம் ஸ்பிரிண்ட், அதாவது அணியாக ஓட்டும் குறுந்தொலைவு வேகப் பந்தயம். பெண்கள் மூன்று பேராக ஓட்டுவது ஒலிம்பிக்கில் இதுவே முதல் முறை, முன்பு இருவர். உலகச் சாதனை ஒரே நாளில் திரும்பத் திரும்ப உடைந்தது. பிரிட்டன் தங்கம், நியூசிலாந்து வெள்ளி, ஜெர்மனி வெண்கலம்.

இந்தப் போட்டியில் நைஜீரியா இல்லை. ஆனால் ஏசேயின் கதை புரிய வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டீம் ஸ்பிரிண்டுக்குத் தகுதி பெறும் எட்டு நாடுகளுக்கு, தனிநபர் வேகப் பந்தயமான ஸ்பிரிண்டிலும், மோட்டார் வண்டியின் பின்னால் தொடங்கும் கெய்ரினிலும் தலா இரண்டு இடங்கள் தாமாகக் கிடைத்துவிடும். அதாவது பதினாறு இடங்கள் ஏற்கெனவே பணக்கார வீடுகளுக்குப் போய்விட்டன. எஞ்சிய சிலவற்றுக்குத்தான் உலகம் முழுவதும் போட்டி. தரவரிசைப் புள்ளி சேர்க்க வேண்டுமென்றால் கண்டம் கண்டமாகப் பறந்து பந்தயங்களில் கலந்துகொள்ள வேண்டும். சைக்கிளை விமானத்தில் ஏற்றும் கட்டணம், விசாவுக்கு வரிசை, கூடவே ஒரு மெக்கானிக். இந்தச் செலவைத் தாங்காத நாட்டின் வீராங்கனை, யாராவது விலகினால் காலியாகும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு தகவல் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு வந்துவிட்டது. சாலைப் பந்தயத்துக்காக வந்தவருக்குக் கெய்ரினிலும் ஸ்பிரிண்டிலும் இடம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று பந்தயத்துக்குப் போகவில்லை. டிக்கெட் விலை ஒரு காரணம், கால்வலி இன்னொன்று.

நான் தங்கியிருப்பது லா ஷபேலில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தோடு. ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் கோயில், தெருவெங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய், கருவாடு. இங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் கூத் தோர் பகுதி, மேற்கு ஆப்பிரிக்கா தொடங்கிவிடும். ரூ தெஜான் சந்தையில் மரவள்ளி, வாழை, கருணைக்கிழங்கை ஒத்த பெரிய யாம் கிழங்குகள், புகையிட்ட மீன். இரண்டு பகுதிக் கடைகளிலும் வெண்டைக்காய் ஒரே விலை.

"என்ன தம்பி, ஒலிம்பிக் பார்க்க வந்துவிட்டுச் சந்தை பார்க்கிறீர்கள்?" என்று வீட்டு அண்ணா காலையில் கிண்டல் செய்தார். அவர் உணவகச் சமையலறையில் இரட்டை ஷிஃப்ட். பாரிஸுக்கு வந்து இத்தனை வருடங்களில் ஒலிம்பிக் தன் தெருவுக்குப் பக்கத்தில் வந்தும், பார்க்க விடுப்புக் கிடைக்கவில்லை என்றார்.

துணிக்கடை ஒன்றில் ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த அம்மாவிடம், நைஜீரியப் பெண் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறாரே, தெரியுமா என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். சிரித்தார். "சைக்கிளா? அது பர்கினாக்காரர்கள் வேலை" என்றார். கிண்டலாகச் சொன்னாலும் சரித்திரம் அவர் பக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் சைக்கிள் பந்தயம் என்றால் பர்கினா ஃபாசோதான். அங்கே டூர் து ஃபாசோ என்ற பல நாள் பந்தயம் 1987 முதல் நடக்கிறது. தலைநகர் வாகடூகூ வீதிகளில் இரு சக்கர வண்டிதான் ராஜா. நைஜீரியாவில் கால்பந்து, தடகளம், கூடைப்பந்து எல்லாம் தாண்டித்தான் சைக்கிளுக்கு இடம். அதிலும் பெண்களுக்கு எத்தனையாவது இடம் என்று கேட்கவே வேண்டாம்.

கிழக்கில் கதை வேறு. எரித்திரியாவில் இத்தாலியர்கள் விட்டுப்போன பழக்கம் மூன்று தலைமுறையாக ஊறிவிட்டது. போன மாதம்தான் பினியம் கிர்மே டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெற்றவருக்கான பச்சைச் சட்டையுடன் வீடு திரும்பினார். பெண்களில் மொரீஷியஸின் கிம் லெ கோர் ஜூலையில் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் ஒரு கட்டம் வென்றார். தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ பல வருடங்களாக முன்னணியில் இருக்கிறார். ஆக, 'ஆப்பிரிக்கா எழுகிறது' என்று தலைப்புப் போடுவது சுலபம். மூன்று மூலைகளிலிருந்து வந்த செய்திகளைச் சேர்த்து ஒரு கண்டத்துக்கே சூட்டிவிடுகிறோம். உயர்மட்டத் தொழில்முறைப் பந்தயங்களான பெண்கள் வேர்ல்டு டூர் அணிகளின் பட்டியலை இன்று மாலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். மேற்கு ஆப்பிரிக்கப் பெயர் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கெய்ரின் முதல் சுற்று.

கெய்ரினை அறியாதவர்களுக்கு: 1948-இல் ஜப்பானில் பந்தயச் சூதாட்டத்துக்காகத் தொடங்கிய போட்டி இது. ஆறு சுற்று. முதல் மூன்று சுற்று ஒரு சிறிய மோட்டார் வண்டி முன்னால் போய் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும், யாரும் அதைத் தாண்டக் கூடாது. அது விலகியதும் மூன்று சுற்றுக்குச் சண்டை. தோள் தோளோடு உரசும். சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது காலை நிறுத்தினால் சைக்கிள் ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே டிராக்கில், அதாவது வெலோட்ரோம் தளத்தில், ஓட்டுபவருக்குத் தன் சைக்கிள் என்றால் பாதி உடம்பு மாதிரி. இருக்கை உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் தொடைக்குத் தெரியும். கைப்பிடியின் அகலம், கிராங்கின் நீளம், பூட்டியிருக்கும் கியரின் அளவு எல்லாம் மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டித் தீர்மானித்தவை. ஏசே இன்று தளத்தில் இறங்கியது இரண்டு நாள் முன்புவரை தொட்டிராத சைக்கிளில். ஜெர்மன் அணி கொடுத்த இரவல்.

என் வரிசையில் பச்சை வெள்ளைக் கொடியுடன் ஒரு குடும்பம். லண்டனிலிருந்து வந்தவர்கள். அவர்கள் எழுந்து கத்தியபோது நானும் கத்தினேன். மோட்டார் வண்டி விலகும்வரை அவர் வரிசையில் ஒழுங்காக ஒட்டிக்கொண்டு போனார், எனக்கு நம்பிக்கைகூட வந்தது. விலகியதும் முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று மிதித்த மிதியில் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி ஒரு முறை விழுந்தால் காற்று முழுவதும் நம் நெஞ்சில்தான். மறுவாய்ப்புச் சுற்றிலும் அதேதான். வெளியேறினார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வளைவின் மேல் பகுதியில் அவர் தயங்கவேயில்லை. அறியாத சைக்கிளை அந்தச் சுவரில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே கீழே இறக்கினார். அதற்குப் பயிற்சி வேண்டும். நைஜீரியத் தலைநகர் அபுஜாவின் தேசிய விளையாட்டரங்கில் ஒரு வெலோட்ரோம் இருக்கிறது, 2003 ஆப்பிரிக்க விளையாட்டுக்காக அரங்கத்தோடு சேர்த்து எழுப்பியது. இப்படி ஒரு தளம் ஆப்பிரிக்காவில் பெரும்பாலான நாடுகளில் இல்லை. நைஜீரியாவிலிருந்து சாலை வீராங்கனையைவிட டிராக் வீராங்கனை வருவதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம்.

அதே இரவு பாரிஸின் பெர்சி அரங்கில் நைஜீரியப் பெண்கள் கூடைப்பந்து அணி அமெரிக்காவோடு காலிறுதி ஆடியது. 88–74, தோல்வி. ஆனால் ஒலிம்பிக் காலிறுதி வரை வந்த முதல் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து அணி அதுதான். சேன் நதியில் படகுகளில் நடந்த தொடக்க விழாவில் இதே பெண்களைத் தங்கள் நாட்டுப் படகில் ஏற விடவில்லை. கூட்டம் அதிகமாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் எங்கும் ஏசே. எக்ஸ் தளத்தில் அவர் எழுதியது நாலு வரி: கெய்ரினிலும் ஸ்பிரிண்டிலும் ஓட்ட வேண்டும் என்று குறுகிய அவகாசத்தில் தெரியவந்தது, ஓட்ட டிராக் சைக்கிள் இல்லை, கெய்ரினுக்குச் சைக்கிள் தந்த ஜெர்மன் அணிக்கு மிக்க நன்றி. குறை சொல்லவில்லை, யாரையும் சுட்டவில்லை. நாடு கொதித்துவிட்டது. அது சும்மா வந்த கொதிப்பு அல்ல. அதே ஒலிம்பிக்கில் ஓட்ட வீராங்கனை ஃபேவர் ஒஃபிலியின் பெயர் 100 மீட்டர் பட்டியலில் சேர்க்கப்படாமலே போயிருந்தது. மூன்று வருடம் முன்பு டோக்கியோவிலும் போதிய எண்ணிக்கையில் ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்காததால் ஓட முடியாமல் போனவர் அவர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.

நைஜீரியச் சைக்கிள் கூட்டமைப்பும் பதில் சொல்லியிருக்கிறது: அவர் வந்தது சாலைப் பந்தயத்துக்கு, டிராக் இடங்கள் கடைசி நேரத்தில் கிடைத்தவை, கிடைத்த வாய்ப்பை விடாமல் ஏற்பாடு செய்தோம். இதில் உண்மை இருக்கிறது. இடம் திடீரென்று வந்ததற்கு அபுஜா பொறுப்பில்லை. ஆனால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் டிராக் வீராங்கனையைச் சைக்கிள் இல்லாமல் பாரிஸுக்கு அனுப்புவது எந்தக் கணக்கு? இடம் வரலாம் என்று தெரிந்திருந்தால் பெட்டியில் கட்டிக் கூடவே அனுப்பியிருக்கலாம். வராவிட்டால் நட்டம் ஒரு பெட்டிக்கான விமானக் கட்டணம்.

எனக்குக் கடுப்பேற்றியது வேறு. ஐரோப்பிய ஊடகங்கள் இதை 'ஒலிம்பிக் நட்பு' என்று மனம் நெகிழ எழுதுகின்றன. ஜெர்மன் அணி செய்தது பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் ஏசே எப்படி ஓட்டினார் என்று ஒரு வரி கிடையாது. ஓட்டுநரை விட்டுவிட்டார்கள், சைக்கிளை மட்டும் பேட்டி எடுக்காத குறை.

மாலை கெய்ரின் இறுதி. நியூசிலாந்தின் எலெஸ் ஆண்ட்ரூஸ் தங்கம், நெதர்லாந்தின் ஹெட்டி வான் டெ வவ் வெள்ளி, பிரிட்டனின் எம்மா ஃபினுகேன் வெண்கலம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்பிரிண்ட் தகுதிச் சுற்று. ஒவ்வொருவராக வர வேண்டும். உச்சி வேலியோரம் ஏறி, வேகம் சேர்த்து, சட்டென்று தளத்தின் உள்ளோரக் கறுப்புக் கோட்டை நோக்கிக் கீழே பாய்ந்து, கடைசி 200 மீட்டருக்கு மட்டும் நேரம் கணக்கிடுவார்கள். இதில் ஒளிந்துகொள்ள முன்னால் யாரும் இல்லை, இடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. கடிகாரம் சொல்வதுதான் விடை.

ஜெர்மனியின் லியா ஃப்ரீட்ரிக் 10.029 வினாடி, உலகச் சாதனை. மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அரங்கம் ஒரு கணம் எண்ணை நம்பாமல் பார்த்துவிட்டுப் பிறகு வெடித்தது. ஏசேயும் தன் 200 மீட்டரை ஓட்டினார். முன்னணியிலிருந்து வெகு தூரம். மேற்கொண்டு அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் போகவில்லை.

இடைவேளையில் லண்டன் குடும்பத்தின் பெரியவரிடம் பேசினேன். லாகோஸில் அவர் இளமையில் சைக்கிளில் ரொட்டி விற்றவராம். "மூன்று பந்தயம், மூன்று விதம். ஒரே வாரத்தில். எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் யோசித்தேன். சாலைப் பந்தயமும் கெய்ரினும் ஸ்பிரிண்டும் ஒரே ஒலிம்பிக்கில் ஒரே ஆள் ஓட்டுவதை எந்தப் பெரிய நாட்டுப் பயிற்சியாளரும் அனுமதிக்கமாட்டார், உடம்பு கெட்டுவிடும் என்பார். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார். இங்கே எல்லாவற்றுக்கும் இவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 10, சனி

மழை இல்லை, வேலை இல்லை. வீட்டு அக்கா பிட்டும் மீன்குழம்பும் வைத்தார். அண்ணாவுக்கு இன்றும் விடுப்பு இல்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடைசி நாள். பெண்கள் ஸ்பிரிண்ட் இறுதியில் எலெஸ் ஆண்ட்ரூஸ், சாதனைக்காரி ஃப்ரீட்ரிக்கை வீழ்த்தி இரண்டாவது தங்கம் எடுத்தார். 200 மீட்டரில் யார் வேகம் என்பதும், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு யார் வேகம் என்பதும் வேறு வேறு என்று இன்று மறுபடி பார்த்தேன். ஃபினுகேனுக்கு மறுபடி வெண்கலம். நைஜீரியா இந்த ஒலிம்பிக்கிலிருந்து ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்புகிறது.

ரயிலில் திரும்பும்போது லண்டன் குடும்பமும் அதே பெட்டியில். அடுத்த செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் சாலைப் பந்தய உலகச் சாம்பியன்ஷிப் நடக்கப் போகிறது, ஆப்பிரிக்க மண்ணில் முதல் முறையாக. போவீர்களா என்று பெரியவரின் மகள் கேட்டார். ஆசைதான். ஆனால் ருவாண்டாவில் சாலை என்றால் மலை, அங்கே ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் கொண்டாட்டம். ஏசே போன்ற வேகக்காரிக்கு அந்தத் திருவிழாவில் இருக்கை பார்வையாளர் பகுதியில்தான் இருக்கும். அவருக்கு வேண்டியது கெய்ரோவைப் போல ஒரு ஊர். அங்கே 2023-இல் டிராக் நேஷன்ஸ் கோப்பை நடத்தினார்கள். அப்படிப்பட்ட பந்தயங்கள் அபுஜாவுக்கு வருடம் இரண்டு வந்தால், புள்ளி தேடி அவர் பறக்க வேண்டிய தூரம் பாதியாகும். அதோடு அவர் அளவுக்குச் செய்த ஒரு சைக்கிளும், அதைக் கட்ட ஒரு பெட்டியும். இதை மகளிடம் சொன்னபோது, "பெட்டியை முதலில் வாங்கச் சொல்லுங்கள்" என்றார்.